மேல்தண்ணீர் சுடும், அடித்தண்ணீர் சுடாது

வெந்நீர் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள், பிள்ளை பெற்ற பெண்களுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்து அவர்களுடைய அம்மாமார்களிடம் ஒரு தடவை நல்ல பெயர் வாங்கிப் பார்க்கட்டும்.

நான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகிற பாதையில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. அதன் பின்பக்கத்தில் வெந்நீர் அறை. ஒரு பெரிய செங்கல் அடுப்பு, அதன்மேல் செம்பு அண்டா, பக்கத்தில் நான். பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு விட்டவளுக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்?

என் வீட்டுக்காரர் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தூசியெல்லாம் நெஞ்சில் இறங்கி, இப்போது வாசல்வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. அதைப் பார்த்துத்தான் பெரிய சிஸ்டர் எனக்கு வேலையோடு ஆஸ்பத்திரி வளவிலேயே ஓர் அறையும் கொடுத்தார். இவருக்கு மூச்சு முட்டினால் டாக்டரம்மா கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். வேலை போனால் அறை போகும், அறை போனால் டாக்டரம்மாவும் தூரம். இதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. யாராவது வாளியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால்கூட அறை போய்விட்டது என்றுதான் என் மனசு சொல்லும். அடுப்போடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு பயம் இருக்கும் என்ற தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

முதல் வாளி

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மல்லசமுத்திரத்துப் பக்கமிருந்து வந்த ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்ணுக்கு அன்றைக்கு முதல் தண்ணீர் வார்க்க வேண்டும். பெண்ணின் அம்மா, தண்ணீரைத் தானே பார்த்துத்தான் எடுப்பேன் என்று வெந்நீர் அறைக்கே வந்துவிட்டார். நான் அவசரத்தில் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்துவிட்டு, அதன்மேல் அண்டாவிலிருந்து வெந்நீரை மொண்டு ஊற்றினேன். காலில் தெறிக்கக் கூடாதே என்று மெதுவாகத்தான் ஊற்றினேன். அந்தம்மாவின் முகம் மாறிப்போயிற்று. அவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீரில் வெந்நீரை விளாவுவது பிணத்துக்கு மட்டும்தானாம். உயிரோடு இருக்கிறவர்களுக்கு வெந்நீரில்தான் பச்சைத் தண்ணீரை விளாவ வேண்டுமாம். நான் பதறிப்போய், கொட்டிவிட்டு வேறு பிடித்துத் தருகிறேன் என்றேன். அவர் வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நன்றாகச் சுட்டது. பெண் காத்திருக்கிறாள், இருக்கட்டும் என்று தூக்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் குளியலறையிலிருந்து பெண்ணின் சத்தம் கேட்டது. முதல் சொம்பு தோலை உரிக்கிற சூடு. நாலு சொம்பு போனதும் பற்கள் கிடுகிடுக்கிற குளிர். அப்புறம் ஒரு நாள் நானே தனியாக இரண்டு வாளி வைத்துப் பார்த்தேன். வெந்நீரில் பச்சைத் தண்ணீரை விட்டால் அது கனத்தோடு அடிக்குப் போய்த் தானாகவே கலந்துகொள்கிறது. பச்சைத் தண்ணீரின்மேல் மெதுவாக விட்ட வெந்நீரோ, பாய் விரித்துப் படுத்த மாதிரி மேலேயே கிடக்கிறது. கையை விட்டுக் கலக்கினால்தான் உண்டு. அன்றிலிருந்து எல்லோருக்கும் மல்லசமுத்திரத்து வழக்கப்படியே விளாவுகிறேன். ஆனால் அந்த முதல் நாளில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தம்மா மிச்சமிருந்த பாதி வாளியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்து, கோபப்படாமல், நிதானமாகக் கேட்டார்:

“ஏனுங்க அம்மிணி, ஒரே வாளிக்குள்ள ரெண்டு குடித்தனம் வெச்சிருக்கறீங்களே, அதுக ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லீங்களா?”

கூழ் என்ன பாவம் செய்தது

ஆஸ்பத்திரிச் சமையல்காரி தம்பி கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நோயாளிகளுக்குத் துணைக்கு வந்திருப்பவர்களுக்கு ராகிக் கூழ் காய்ச்ச வேண்டும். அடுப்பு எரிக்கிறவள்தானே, அதையும் இவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று என்னிடம் விட்டுவிட்டார்கள். இல்லையென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கள் பாதையில் கரண்டுக் கம்பம் நட ஆரம்பித்திருந்தார்கள். கரண்டு வந்தால் விறகு அடுப்பு எதற்கு, அடுப்புக்காரி எதற்கு என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்காமல் இருந்தது. கூழையும் நான் காய்ச்சிக் காட்டினால் அறைக்கு இன்னும் கொஞ்சம் பலம் கூடும் என்று நினைத்தேன்.

தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அடியில் சுட்டது மேலே வரும், மேலே இருப்பது கீழே போகும், ஒன்றுக்கொன்று இடம் விட்டுத் தானே கொதித்துக்கொள்ளும். நான் அந்த நம்பிக்கையில் மாவைக் கரைத்து விட்டுவிட்டு, பெருக்கித் துடைக்கிற பொன்னாயியோடு துணி காயப்போடப் போனேன். கூழ் தண்ணீர் மாதிரி இல்லை. இறுக இறுக அது நகர மாட்டேன் என்கிறது. அடியில் இருப்பது அடியிலேயே நின்று கருகும். மேலே இருப்பது வெதுவெதுப்பாக, பச்சை மாவு வாசனையோடு அப்படியே இருக்கும். நான் திரும்பி வந்து பதறிப்போய் அகப்பையை விட்டதும், அடியில் அடைபட்டிருந்த சூடு ஒரு குமிழியாகக் கிளம்பி என் முழங்கையில் வந்து விழுந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. பரிமாறியபோது யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு பெரியவர், மகள் பிரசவத்துக்காக வந்தவர், தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டுப் பொன்னாயியிடம் சொன்னார்:

“மேல பச்சை, கீழ கருக்கல். நடுவால ஒரு கரண்டி நல்லாருக்குது. அதைப் பச்சப்புள்ளக்காரிக்குக் கொடுத்துருங்க, நாங்க பசி தாங்குவமுங்க.”

ஆவி வராத சூப்பு

இதில் என் தப்பு ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேச்சேரியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தார் பெண்ணின் உடம்பு தேற வேண்டுமென்று வீட்டு ஆட்டை அறுத்து எலும்போடு கொண்டுவந்திருந்தார்கள். என் அடுப்பின் ஓரத்திலேயே ஒரு சட்டியில் சூப்பு வைத்தார்கள். நல்ல கொழுத்த ஆடு. சட்டியை இறக்கியபோது மேலே ஒரு விரல்கடை கொழுப்பு உருகி மிதந்தது. பெண்ணின் மாமனார் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். ஒரு துளி ஆவி இல்லை. ஆறிப்போயிற்று, மருமகளுக்கு ஆறின சூப்பைக் கொடுக்கலாமா என்று எங்களைக் கடிந்துகொண்டார். கொழுப்பு மூடி போட்ட மாதிரி மேலே கிடக்கும்போது ஆவி எப்படி வெளியே வரும், சூடுதான் எங்கே போகும்? சுடும் என்று நான் சொன்னேன். பொன்னாயியும் சொன்னாள். பெண்பிள்ளைகள் பேச்சை அவர் எங்கே கேட்டார்? ருசி பார்க்கிறேன் என்று ஒரு குவளையில் ஊற்றி ஒரே மடக்காகக் குடித்துவிட்டார்.

அதற்கப்புறம் அவர் நாக்கை நீட்டிக் கையால் விசிறிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, மோர் கொடுக்கச் சொல்லிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார். சாயங்காலம் நாக்கு கொஞ்சம் புரள ஆரம்பித்ததும் அவரே என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் சொன்னது இதுதான்:

“ஆட்டை அறுத்ததென்னமோ எம்பையன். அது பழியைத் தீத்துக்கிட்டது என்ர நாக்குலீங்க.”

நொச்சி இலை சுற்றுவது

குளிக்கிற வெந்நீரில் நொச்சி இலை போடுவது இங்கே எல்லா வீட்டு வழக்கம். உடம்பு வலிக்கு நல்லது. அண்டாவில் இலையைப் போட்டுவிட்டால் எனக்கு அது ஒரு வேடிக்கையும்கூட. தீ நடுவில் எரியும்போது இலை நடுவிலே மேலே கிளம்பி, மெல்ல ஓரத்துக்கு வந்து, செம்பின் பக்கமாகவே கீழே இறங்கி, மறுபடியும் நடுவிலே கிளம்பும். யாரும் தள்ளுவதில்லை. தண்ணீரே அதைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறது. என் மனசு அலைபாய்கிற நாட்களில் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் நாமக்கல்லைச் சேர்ந்த லாரி டிரைவர் ஒருவர், மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு என் அடுப்படியில் வந்து உட்கார்ந்தார். பிரசவம் முடியும்வரை ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். முதல் பிரசவம், வலி எடுத்தும் குழந்தை வரக் காணோம். அந்த மனுஷர் எழுந்து கதவுவரை போவார், திரும்பி வருவார், பீடியை எடுப்பார், பற்றவைக்காமல் உள்ளே வைப்பார். பார்க்கிற எனக்கே படபடப்பாக இருந்தது. இந்த இலையைப் பாருங்கள் என்று அண்டாவைக் காட்டினேன். குனிந்து பார்க்க ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். இலை போவதும் வருவதுமாக இருந்தது. உள்ளே சத்தம் அடங்கி, பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று பொன்னாயி வந்து சொன்னாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்:

“இந்த எலையும் என்னையாட்டத்தானுங்க அக்கா. ஒரு எடத்துல நிக்கவும் மாட்டேங்குது, எங்கயும் போய்ச் சேரவும் மாட்டேங்குது.”

கம்பி வந்தது

நான் பயந்தது கடைசியில் வந்தேவிட்டது. இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்கிற ஒருவரின் மகள் எங்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றாள். அவள் படுத்திருந்த அறைக்குள் என் அடுப்புப் புகை போயிற்றாம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. புகையே இல்லாமல் வெந்நீர் காய்ச்ச ஒரு கரண்டுக் கம்பியும், என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு தகர டிரம்மும் ஆஸ்பத்திரிக்குத் தானமாக அனுப்பிவைத்தார். கரண்டுக்காரர் வந்து, டிரம்மின் வாயில் ஒரு பலகையைக் குறுக்கே வைத்து, அதிலிருந்து கம்பியைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். கம்பி என் முழங்கை நீளம்தான் இருக்கும். வெந்நீர் பிடிக்க டிரம்மின் அடியில் ஒரு குழாய். சுவிட்சைப் போட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பெரிய சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, புதிதாக ஒரு நர்சு வரப்போகிறாள், அவளுக்குத் தங்க இடம் வேண்டும், அடுப்பு வேலை இனி இல்லையென்றால் அறையைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று ரொம்பத் தயக்கத்தோடு சொன்னார். நான் தலையாட்டினேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவரே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் டிரம் நிறையத் தண்ணீர் ஊற்றினேன். பழக்க தோஷத்தில் நொச்சியும் போட்டுச் சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மேலே தளதளவென்று கொதித்து ஆவி பறந்தது. குளியலுக்குப் பெண்கள் காத்திருந்தார்கள். பொன்னாயி குழாயைத் திறந்து வாளியைப் பிடித்தாள். பச்சைத் தண்ணீர். கிணற்றிலிருந்து இறைத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. சிஸ்டர் வந்து தொட்டுப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அடுப்பைக் காப்பாற்ற நான் கடைசி நேரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை. பொன்னாயிக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது:

“ஊட்டைக் காலி பண்ணிட்டுப் போறவங்க அடுப்புல தண்ணி ஊத்திட்டுப் போவாங்க, பாத்திருக்கறேன். கரண்டுலயே தண்ணி ஊத்தறவங்களை இப்பத்தான் அக்கா பாக்கறேன்.”

பச்சை இலையும் வெந்த இலையும்

அன்றைக்கு என் வீட்டுக்காரர் தன் போர்வையை மடித்துப் பெட்டியின்மேல் வைத்தார். சேலத்தில் இருக்கிற என் அண்ணன் வீட்டில் கேட்டுப் பார்க்கச் சொன்னார். அண்ணன் வீட்டில் அவர்களுக்கே இடம் இல்லை. மாதா படத்துக்கு முன்னால் மண்டியிட்டேன். ஆனால் ஜெபம் வரவில்லை, டிரம்தான் கண்ணுக்குள் நின்றது. மாதாவுக்கு என்னைத் தெரியும், கோபித்துக்கொண்டிருக்க மாட்டாள்.

அடுத்த நாள் கரண்டுக்காரரை மறுபடியும் வரவழைத்தார்கள். என்னை டிரம் பக்கமே போகவிடாமல் பொன்னாயியைக் காவலுக்கு உட்காரவைத்தார் சிஸ்டர். தண்ணீர் ஊற்றினதும் அவள்தான். நொச்சியை மட்டும் நான் கொடுத்தேன். முந்தின நாள் டிரம்மைக் காலி பண்ணும்போது இலை குழாயை அடைத்துக்கொண்டதால், பெரும்பாகத்தைத் துணியில் முடிந்து, ஒரு கல்லும் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். அது நேரே அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மிஞ்சின இலைகள் மேலே மிதந்தன. தண்ணீர் கொதித்தது. கரண்டுக்காரர் சுவிட்சை அணைத்துவிட்டு மேல்தண்ணீரில் விரலை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்து உதறினார். அதே கையைக் குழாயடியில் காட்டினார். பச்சைத் தண்ணீர். அவர் விரலை ஊதிக்கொண்டே, கம்பியிலும் குறை இல்லை, கரண்டிலும் குறை இல்லை, இங்கே உட்கார்ந்திருந்தவர்கள்தான் ஏதோ செய்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்திருந்தவள் பொன்னாயி. எல்லோரும் அவளைப் பார்த்தோம். கர்த்தர் மன்னிக்கட்டும், நான் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தேன்.

பொன்னாயிக்கு வந்ததே கோபம். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மேலே மிதந்த இலைகளை ஒரு கரண்டியால் அள்ளினாள். வெந்து, கறுத்து, குழைந்துபோயிருந்தன. டிரம்மைக் காலி பண்ணி, அடியில் கிடந்த முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே இருந்த நொச்சி செடியிலிருந்து அப்போதுதான் பறித்த மாதிரி பச்சைப்பசேலென்று இருந்தது. இரண்டையும் சிஸ்டர் முன்னால் வைத்தாள். இடையில் யாராவது பச்சைத் தண்ணீரை ஊற்றியிருந்தால் அடியில் கிடந்த இலையும் அதற்கு முன்னாலேயே வெந்திருக்க வேண்டாமா, இந்த இலை சூட்டையே பார்க்கவில்லையே என்று கேட்டாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வியிலேயே நானும் தப்பித்துவிட்டேன்.

சிஸ்டர் கைக்கொரு இலையாக எடுத்து மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், நீளமான கண்ணாடிக் குழாயின் அடியில் ஐஸ் துண்டை மேலே வராமல் அமுக்கிவைத்து, தண்ணீர் ஊற்றி, குழாயின் வாய்ப்பக்கத்தில் மட்டும் தீயைக் காட்டினாராம். மேலே தண்ணீர் கொதித்ததாம், அடியில் ஐஸ் அப்படியே இருந்ததாம். சுட்ட தண்ணீர் மேலே ஏறுமே தவிரக் கீழே இறங்காது, நின்ற இடத்திலிருந்து அடுத்த தண்ணீருக்குச் சூட்டைக் கைமாற்றிக் கொடுப்பதிலும் தண்ணீர் மகா கஞ்சமாம். பரீட்சையில் அதை எழுதி சிஸ்டர் மார்க்கும் வாங்கினாராம். ஆஸ்பத்திரி டிரம்முக்கும் அதே சட்டம்தான் என்பது தனக்குத் தோன்றவே இல்லை என்று சொல்லி, என் தோளில் கையை வைத்தார்.

கம்பியை அடிவரை இறக்கலாமா என்று கரண்டுக்காரரைக் கேட்டார். கம்பியின் தலை நனைந்தால் ஆள் போய்விடும் என்றார் அவர். நீளக் கம்பி இந்தப் பக்கம் கிடைக்காது. சின்னப் பாத்திரம் வைத்தால் இத்தனை பேர் குளிக்கப் போதாது. ஆகவே அடிக்கடி சுவிட்சை அணைத்து, ஒரு நீள மூங்கிலால் அடியோடு கலக்கிவிட ஓர் ஆள் வேண்டும் என்று முடிவாயிற்று. பொன்னாயியைக் கேட்டார்கள். கரண்டு இருக்கிற இடத்தில் விளக்குமாறுகூடப் போடமாட்டேன் என்று அவள் எழுந்து போய்விட்டாள். சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்:

“சவேரியம்மா, அந்த அறையிலேயே இருங்க, நர்சுக்கு நான் வேற இடம் பாத்துக்கறேன். ஆனா சுவிட்சை அணைக்காம மூங்கிலை உள்ள விட்டீங்கன்னு தெரிஞ்சது, அன்னிக்கே நானே உங்களைக் காலி பண்ணச் சொல்லிடுவேன்.”

கரண்டு வந்தால் வேலை போய்விடுமே என்று என்னைப் போல வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஆறுதல் இதுதான்: வேலை போகாது, பழைய பயமும் போகாது, சுவிட்சு என்று புதிதாக ஒரு பயமும் கூட வந்து சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.